பெங்களூரில் சொந்தமாக ஒரு தமிழ்ச் செய்தித்தளம்: ஆவணம், செலவு, காலம்

பெங்களூரில் விற்கும் பெரிய தமிழ் நாளிதழ்கள் தமிழ்நாட்டுப் பெரும் நிறுவனங்களின் பதிப்புகள். ஊர்ச் செய்திக்கு அவை ஒதுக்கும் இடத்தில் எஜிபுராவில் வீடிழந்தவர்களும் மூடப்படும் தமிழ்வழிப் பள்ளிகளும் துப்புரவுத் தொழிலாளர்களின் சம்பளப் பாக்கியும் அபூர்வமாகத்தான் வரும். கன்னட, ஆங்கிலப் பக்கம் போனாலும் உரிமையாளர்கள் சிலர்தான். விஜய கர்நாடகா 2006-ல் டைம்ஸ் குழுமத்துக்குப் போனது. தினகரன் 2005-ல் சன் குழுமத்துக்குப் போனது. 2022 கடைசியில் என்.டி.டி.வி. அதானி கைக்குப் போனது. செய்தி எது, எது செய்தி இல்லை என்று முடிவு செய்பவர்களின் எண்ணிக்கை குறைந்துகொண்டே போகிறது. சொந்தமாக ஒரு தளம் தொடங்கலாம் என்று இந்த ஊரில் பலர் நினைப்பதற்குக் காரணம் இதுதான்.

எழுதத் தெரிந்தவர்களுக்குக் காகித வேலை தெரிவதில்லை. காகித வேலை தெரிந்தவர்கள் செய்தித்தளத்துக்கு என்ன வேண்டும் என்று அறிந்திருப்பதில்லை. நண்பர்கள் சிலர் சேர்ந்து தளம் தொடங்கியபோது ஒவ்வொரு தகவலையும் ஒவ்வோர் இடத்தில் கேட்டுக் கேட்டுத்தான் சேர்த்தோம். நீங்கள் அவ்வளவு அலைய வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். சிறு தளத்தை யாராவது அடிக்க நினைத்தால் முதலில் தேடுவது அதன் ஆவணத்தில் உள்ள ஓட்டையைத்தான். அதனால் கீழே உள்ளவற்றில் எதையும் ‘அப்புறம் பார்த்துக்கலாம்’ என்று தள்ளாதீர்கள்.

1. பணம் யாருடையது என்று முதலில் எழுதி வையுங்கள்

பெயர், லோகோ எல்லாம் பிறகு. ஒரு தாளில் முதல் இரண்டு வருடத்துக்கான பணம் எங்கிருந்து வரும் என்று எழுதுங்கள்: சொந்தச் சேமிப்பு, வாசகர் சந்தா, நன்கொடை, விளம்பரம், மானியம். நீங்கள் எந்த வடிவத்தில் பதிவு செய்ய வேண்டும் என்பதை அந்தத் தாள்தான் முடிவு செய்யும்.

எந்த ஒருவரிடமிருந்தும் வருட வரவில் கால் பங்குக்கு மேல் வாங்காதீர்கள் என்பது என் உறுதியான கருத்து. பில்டர் ஒருவர் ஆறு மாத விளம்பரத்துக்கு மொத்தமாகத் தருகிறேன் என்பார். அடுத்த மாதமே ஏரி ஆக்கிரமிப்புச் செய்தியில் அவர் பெயர் வரும். தேர்தல் நெருங்கினால் வார்டு வேட்பாளர்கள் காசுக்குச் செய்தி போட ‘பேக்கேஜ்’ பேச வருவார்கள். வாங்கிவிட்டால் உங்கள் தளத்துக்கும் நீங்கள் குறை சொல்லும் பத்திரிகைக்கும் வித்தியாசமில்லை.

வெளிநாட்டுப் பணத்தில் மிகுந்த எச்சரிக்கை வேண்டும். செய்தி, நடப்பு நிகழ்ச்சிகளைக் காணொளியாகவோ ஒலியாகவோ தயாரிக்கும் நிறுவனங்கள் வெளிநாட்டு நன்கொடை வாங்குவதை வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் தடுக்கிறது. டிஜிட்டல் செய்தியில் அந்நிய முதலீட்டுக்கு உச்சவரம்பு 26 விழுக்காடு, அதுவும் மத்திய அரசின் அனுமதியோடு மட்டும். சிங்கப்பூரில் குடியுரிமை வாங்கிவிட்ட மாமா அன்பாக அனுப்பும் பணமும் உங்களுக்குச் சிக்கலாகலாம். ஆடிட்டரைக் கேட்காமல் கணக்கில் ஏற்றாதீர்கள்.

2. எந்த வடிவத்தில் பதிவு செய்வது

தனிநபர் நடத்தும் தளத்துக்குத் தனிப் பதிவு கட்டாயமில்லை. ஆனால் வழக்கு வந்தால் உங்கள் வீடு, வண்டி, சேமிப்பு வரை இழுபடும். அதனால் எல்.எல்.பி. (வரையறுக்கப்பட்ட பொறுப்புள்ள கூட்டாண்மை), பிரைவேட் லிமிடெட், கம்பெனிச் சட்டத்தின் எட்டாம் பிரிவு நிறுவனம் இந்த மூன்றில் ஒன்றைப் பாருங்கள். பொறுப்பை இவை ஓரளவு பிரித்து வைக்கும். ஆனால் எழுதியவர், ஆசிரியர் மீது வரும் கிரிமினல் வழக்கை எந்த வடிவமும் தடுக்காது.

எல்.எல்.பி.: இரண்டு பங்குதாரர்கள் போதும். பெயர் ஒதுக்கீட்டுக்கு ₹200, ஒரு லட்சம் வரையான மூலதனத்துக்குப் பதிவுக் கட்டணம் ₹500. வருட வரவு ₹40 லட்சத்தையும் மூலதனம் ₹25 லட்சத்தையும் தாண்டாதவரை கட்டாயத் தணிக்கை இல்லை. சந்தா, விளம்பரத்தை நம்பி இரண்டு மூன்று பேர் தொடங்கும் தளத்துக்கு இதையே சொல்வேன். பதிவான 30 நாளுக்குள் பங்குதாரர் ஒப்பந்தத்தைத் தாக்கல் செய்ய வேண்டும். பலர் இதைக் கோட்டை விடுகிறார்கள்.

பிரைவேட் லிமிடெட்: முதலீட்டாளர் வரப்போகிறார் என்றால் மட்டும். பெங்களூரில் இயங்கும் தி நியூஸ் மினிட் இந்த வழியில்தான் நடக்கிறது.

எட்டாம் பிரிவு நிறுவனம்: லாப நோக்கமற்றது. தி வயர் இப்படித்தான் ஓர் அறக்கட்டளை நிறுவனத்தின் கீழ் நடக்கிறது. பெங்களூரின் சிட்டிசன் மேட்டர்ஸையும் லாப நோக்கமற்ற ஊர்வாணி ஃபவுண்டேஷன்தான் நடத்துகிறது. நன்கொடையை நம்புகிறவர்களுக்கு ஏற்றது. ஆனால் ஒன்றைத் தெரிந்துகொண்டு இறங்குங்கள். 12ஏ (நிறுவனத்துக்கு), 80ஜி (நன்கொடை தருபவருக்கு) என்று எல்லோரும் சொல்லும் வரிச்சலுகைப் பதிவுகள் நிரந்தரமானவை அல்ல. புலனாய்வுச் செய்திகள் வெளியிடும் தி ரிப்போர்ட்டர்ஸ் கலெக்டிவ் அமைப்பின் லாப நோக்கமற்ற தகுதியை வருமான வரித்துறை ரத்து செய்ததை அந்த அமைப்பே 2025 ஜனவரியில் அறிவித்தது. இதழியல் பொதுநலப் பணி ஆகாது என்பது துறை சொன்ன காரணம். ஆகவே 80ஜி இல்லாமலும் தளம் ஓடுமா என்று கணக்குப் போட்டுவிட்டே இந்த வழிக்கு வாருங்கள். புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் என்பதால் பிரிவு எண்களும் மாறுகின்றன. பழைய எண்ணை அச்சடித்த ரசீதுப் புத்தகம் போடாதீர்கள்.

3. முகவரிச் சான்று: எல்லாம் தேங்குவது இங்கேதான்

பதிவு அலுவலகத்துக்கு மூன்று தாள் வேண்டும். வாடகை ஒப்பந்தம், ஓனரின் ஒப்புதல் கடிதம், இரண்டு மாதத்துக்கு மேல் பழையதாகாத ஒரு பில். பெரும்பாலும் பெஸ்காம் கரண்ட் பில்தான் கொடுப்பார்கள்.

பெங்களூரில் வரும் சிக்கல் இது: கரண்ட் பில் ஓனரின் காலஞ்சென்ற அப்பா பெயரில் இருக்கும், ஒப்பந்தத்தில் மகன் கையெழுத்துப் போட்டிருப்பார். அல்சூர், சிவாஜிநகர், மர்ஃபி டவுன் பக்கத்துப் பழைய வீடுகளில் இது சர்வ சாதாரணம். பெயர் பொருந்தாவிட்டால் விண்ணப்பம் திரும்பும். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே பில்லை வாங்கிப் பெயரைப் பாருங்கள். ‘செய்தி நிறுவனம்’ என்றதும் பின்வாங்கும் ஓனர்களும் உண்டு. என்ன செய்யப் போகிறீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லி ஒப்புதல் கடிதத்திலும் எழுதி வாங்குங்கள். நாளைக்கு போலீஸ் வந்து விசாரித்தால் ‘எனக்குத் தெரியாது’ என்று அவர் சொல்லிவிடக் கூடாது. சொந்த வீட்டு முகவரியையும் கொடுக்கலாம். ஆனால் அது பொதுப் பதிவேட்டில் யாரும் பார்க்கும்படி இருக்கும். கோபக்காரர்கள் வாசலுக்கு வரக்கூடிய தொழில் இது என்பதை வீட்டில் உள்ளவர்களிடம் பேசிவிட்டு முடிவெடுங்கள்.

4. பதிவு: என்ன கேட்பார்கள், எவ்வளவு ஆகும்

ஒவ்வொருவருக்கும் பான், ஆதார், வங்கி அறிக்கை, புகைப்படம், டிஜிட்டல் கையெழுத்து. டிஜிட்டல் கையெழுத்துக்கு ஒருவருக்குச் சுமார் ₹1,500 முதல் ₹2,500 வரை ஆகும். பான், ஆதார் இரண்டிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா பாருங்கள். தமிழர்களுக்கு இன்ஷியல்தான் எமன். ஒன்றில் ‘எஸ். முருகன்’, இன்னொன்றில் ‘முருகன் சண்முகம்’ என்று இருந்தால் முதலில் அதைச் சரி செய்யுங்கள்.

கம்பெனி என்றால் பெயர் ஒதுக்கீட்டுக்கு ₹1,000. ஒதுக்கிய பெயர் 20 நாள்தான் நிற்கும், அதற்குள் மீதி விண்ணப்பம் போக வேண்டும். அனுமதி மூலதனம் ₹15 லட்சம் வரை கம்பெனி விவகார அமைச்சகத்துக்குப் பதிவுக் கட்டணம் இல்லை, மாநில முத்திரைத் தீர்வை தனி. ஆடிட்டர் அல்லது கம்பெனி செகரட்டரி கூலி ஆளுக்கு ஆள் மாறும். மூன்று பேரிடமாவது எழுத்தில் கேளுங்கள். பதிவுக்கு மட்டுமா, முதல் வருடத் தாக்கல்களும் சேர்த்தா என்று பிரித்துக் கேளுங்கள். குறைந்த தொகை சொல்பவர்கள் பெரும்பாலும் பதிவோடு போய்விடுவார்கள்.

ஆவணம் சரியாக இருந்தால் இரண்டு முதல் நான்கு வாரம். கம்பெனி பதிவான 30 நாளுக்குள் ஆடிட்டரை நியமிக்க வேண்டும். 180 நாளுக்குள் தொழில் தொடங்கியதற்கான அறிவிப்பைத் தாக்கல் செய்ய வேண்டும். அதற்குப் பங்குப்பணம் வங்கியில் வந்து சேர்ந்த ஆதாரம் கேட்பார்கள். ஆண்டுக் கணக்கு தாமதமானால் ஒரு படிவத்துக்கு ஒரு நாளைக்கு ₹100 அபராதம். எழுதும் வேகத்தில் மறந்து ஒரு வருடம் விட்டால் அதுவே ஒரு நிருபரின் இரண்டு மூன்று மாதச் சம்பளம்.

5. ஏஜென்ட்களிடம் ஏமாறாதீர்கள்

‘ஆர்.என்.ஐ. நம்பரோட சேர்த்து வாங்கித் தர்றேன் சார், சென்ட்ரல் கவர்மென்ட் அப்ரூவல்’ என்று எங்களிடமும் ஒருவர் பேசினார். அப்படி ஒன்று கிடையாது. 2024 மார்ச் 1-ல் நடைமுறைக்கு வந்த பத்திரிகை மற்றும் பருவ இதழ்கள் பதிவுச் சட்டம் அச்சிதழ்களுக்கு மட்டுமானது. பழைய ஆர்.என்.ஐ. என்ற செய்தித்தாள் பதிவாளரின் இடத்தில் இப்போது இருக்கும் பத்திரிகைப் பதிவாளர் இணையதளங்களைப் பதிவு செய்வதில்லை. அச்சில் ஒரு மாத இதழும் போடப் போகிறீர்கள் என்றால் மட்டும் பிரஸ் சேவா தளத்தில் விண்ணப்பியுங்கள்.

சிறு, குறு நிறுவனங்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவு இலவசம். அதற்குப் பணம் கேட்பவரிடம் மேற்கொண்டு பேச வேண்டாம். பிரஸ் கார்டும் அப்படித்தான். உங்கள் நிருபருக்கு உங்கள் நிறுவனமே அடையாள அட்டை தரலாம். அது அரசு அங்கீகார அட்டை ஆகாது. அரசு அங்கீகாரம் என்பது தனி நடைமுறை, புதிய தளத்துக்கு உடனே கிடைக்காது. பணம் வாங்கிக்கொண்டு முன்பின் தெரியாதவர்களுக்கு அட்டை கொடுக்கும் வழிக்குப் போகவே போகாதீர்கள். அந்த அட்டையைக் காட்டி யாரோ கடைக்காரரை மிரட்டினால் புகாரில் வருவது உங்கள் தளத்தின் பெயர்.

6. தளம்

இதில் நேரம் செலவழிக்கத் தேவையில்லை. டொமைனை நிறுவனத்தின் பெயரில், நிறுவன மின்னஞ்சலில் வாங்குங்கள். வெப் டிசைனர் பெயரில் இருந்தால் அவரோடு மனஸ்தாபம் வந்த அன்று தளம் போய்விடும். இரட்டைச் சரிபார்ப்பு, வாரம் ஒரு பேக்கப். எழுத்துரு யூனிகோடில் இருக்கட்டும், நோட்டோ சான்ஸ் தமிழ் போன்றவை இலவசம். டொமைனுக்கும் ஹோஸ்டிங்குக்கும் சேர்த்து முதல் வருடம் ₹4,000 முதல் ₹8,000 வரை போதும். வர்த்தக முத்திரைக்கு ஒரு வகைக்குத் தனிநபரும் சிறு நிறுவனமும் ₹4,500, மற்றவர்கள் ₹9,000. சிறு நிறுவனம் என்று காட்ட உத்யம் சான்று உதவும்.

7. மத்திய அமைச்சகத்துக்குத் தகவல், புகார் அதிகாரி

2021 பிப்ரவரி 25-ல் அறிவித்த தகவல் தொழில்நுட்ப விதிகளின் மூன்றாம் பகுதி செய்தித்தளங்களுக்கானது. 18-ஆம் விதிப்படி தளம் தொடங்கிய 30 நாளுக்குள் தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்துக்கு உங்கள் விவரத்தைத் தர வேண்டும். நிறுவனப் பெயர், தள முகவரி, மொழி, பதிவு எண், பொறுப்பாளர், புகார் அதிகாரி விவரம். கட்டணம் இல்லை. இது தகவல் தெரிவிப்பது மட்டுமே, உரிமம் அல்ல. அனுப்பிய மின்னஞ்சலையும் பதிலையும் அச்செடுத்துக் கோப்பில் வையுங்கள். அதை ‘அரசு அங்கீகாரம்’ என்று தளத்தில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

புகார் அதிகாரி பற்றிக் குழப்பம் உண்டு. நெறிமுறை மற்றும் மூன்றடுக்குக் குறைதீர்ப்பு தொடர்பான 9(1), 9(3) விதிகளுக்கு மும்பை உயர் நீதிமன்றம் 2021 ஆகஸ்ட்டில் இடைக்காலத் தடை விதித்தது. அதனால் அதிகாரி வேண்டாம் என்று சிலர் சொல்வார்கள். நான் வேண்டும் என்பேன். இந்தியாவில் வசிக்கும் ஒருவரின் பெயர், மின்னஞ்சலைத் தளத்தில் போடுங்கள். விதி சொல்வது 24 மணி நேரத்தில் புகார் பெற்றதற்கான ஒப்புகை, 15 நாளில் முடிவு. எழுதியவரும் புகார் அதிகாரியும் ஒருவராக இருக்கக் கூடாது. சட்டத்துக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. வாசகரின் மறுப்பைக் காது கொடுத்துக் கேட்கத் தனியாக ஓர் ஆள் இருக்கும் தளத்தின் மேல் நம்பிக்கை வளரும்.

தளங்களை முடக்கும் அரசின் அதிகாரத்தை மறக்காதீர்கள். 2025 பிப்ரவரியில் ஒரு கார்ட்டூனுக்காக விகடன் தளமே முடக்கப்பட்டது. மார்ச் 6-ல், அந்தக் கார்ட்டூனைத் தற்காலிகமாக நீக்கச் சொல்லி, தளத்தைத் திறக்கும்படி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. விகடன் அளவு பலம் உள்ள நிறுவனத்துக்கே இந்த நிலை. உங்கள் வாசகர்களின் மின்னஞ்சல் பட்டியலையும் வாட்ஸ்அப் சேனலையும் முதல் நாளிலிருந்தே சேர்த்து வாருங்கள். தளம் முடங்கினாலும் அவர்களிடம் பேச வழி இருக்க வேண்டும்.

8. வரி

சேவைக்கான ஜி.எஸ்.டி. பதிவு வரம்பு வருட வரவு ₹20 லட்சம். அதற்குக் கீழே அவசரப்பட்டுப் பதிவு செய்தால் வரவே இல்லாத மாதத்திலும் ரிட்டர்ன் போட வேண்டும். பதிவு செய்தபின் டிஜிட்டல் விளம்பரத்துக்கும் இணையச் சந்தாவுக்கும் 18 விழுக்காடு வாங்கியாக வேண்டும். கூகுள் போன்ற நிறுவனங்களிடமிருந்து விளம்பர வருமானம் வந்தால் அதற்கான விதியை ஆடிட்டரிடம் தனியாகக் கேளுங்கள். கர்நாடகத்தில் நிறுவனத்துக்குத் தொழில்வரி வருடம் ₹2,500, ஏப்ரல் 30-க்குள். ஆள் வைத்தால் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தின் கீழும் பதிவு வேண்டும். எழுதித் தரும் நண்பருக்குக் கையில் காசாகக் கொடுக்காதீர்கள். வங்கி வழியே, பில்லோடு கொடுங்கள். அவர் உழைப்புக்கும் அது மரியாதை.

9. ஆர்.டி.ஐ. பழகுங்கள், கன்னடம் படிக்கத் தெரிந்த ஆள் வையுங்கள்

சிறு தளத்தின் பெரிய பலம் ஆவணச் செய்தி. கர்நாடகத்தில் ஆர்.டி.ஐ. (தகவல் அறியும் உரிமைச் சட்டம்) மனுவுக்குக் கட்டணம் ₹10. ஒரு மனுவில் ஒரே விஷயம், 150 சொல்லுக்குள். இந்த வரம்பைத் தாண்டியதால் மனுக்கள் திருப்பப்படுகின்றன. 30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. 2025 செப்டம்பரில் பழைய பெங்களூர் மாநகராட்சியான பி.பி.எம்.பி. போய் ஐந்து மாநகராட்சிகள் வந்துவிட்டன. உங்கள் வார்டு எதில் என்று பார்த்துத் தகவல் அலுவலருக்கு முகவரி எழுதுங்கள்.

பதிலும் உத்தரவும் பெரும்பாலும் கன்னடத்தில்தான் வரும். அரசுக் கன்னடம் படித்துப் புரிந்துகொள்பவர் ஒருவர் குழுவில் இல்லாமல் இந்த ஊரில் தமிழ்ச் செய்தி எழுத முடியாது. இன்னொன்று, காவிரிப் பிரச்சினை சூடாகும் நாட்கள். 1991, 2016 காவிரிக் கலவரங்களைப் பார்த்தவர்கள் இங்கே இருக்கிறார்கள். அந்த நாட்களில் வாட்ஸ்அப்பில் வரும் எந்தக் காணொளியையும் இடம், தேதி, நேரில் கண்டவர் மூன்றும் உறுதியாகாமல் போடவே கூடாது. முந்திக் கொடுத்த பெருமைக்கு விலை, தமிழர்கள் அதிகம் வாழும் ஸ்ரீராமபுரத்தில் கடை வைத்திருப்பவர் கொடுப்பார்.

பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவர், குழந்தைகள் விஷயத்தில் பெயர் மட்டுமல்ல, பள்ளி, தெரு, உறவினர் பெயர் எதுவும் வரக்கூடாது. சட்டப்படி குற்றம்.

10. வக்கீல் நோட்டீஸும் தடையாணையும்

நோட்டீஸ் வந்தால் பயந்து செய்தியை நீக்காதீர்கள், கோபத்தில் அதை ஃபேஸ்புக்கிலும் போடாதீர்கள். தேதி குறித்து, உறையோடு பத்திரப்படுத்தி வக்கீலிடம் போங்கள். இதற்காகவே தொடங்கும்போதே ஒரு வக்கீலைப் பேசி வையுங்கள். பெரிய செய்திகளை வெளியிடும் முன் அவர் ஒருமுறை படிக்க ஒரு தொகை. இந்தச் செலவை எக்காரணத்துக்கும் குறைக்க வேண்டாம்.

நோட்டீஸை விடப் பெரிய ஆபத்து, உங்களைக் கேட்காமலே வாங்கப்படும் தடையாணை. 2025 ஜூலையில், தர்மஸ்தலா கோயில் ஊரில் பல உடல்கள் புதைக்கப்பட்டதாக எழுந்த புகார் விவகாரத்தில் பெங்களூர் நகர சிவில் நீதிமன்றம் 8,842 இணைப்புகளை நீக்கச் சொன்னது. அதில் மாட்டிய மங்களூரின் சிறு யூடியூப் சேனலான குட்லா ராம்பேஜ் உயர் நீதிமன்றம் போனது. ஆகஸ்ட் 1-ல் உயர் நீதிமன்றம் அதன் மீதான தடையை ரத்து செய்தது. வழக்கு வரும் என்று தோன்றினால் சிவில் நடைமுறைச் சட்டம் 148ஏ பிரிவில் கேவியட் போட்டு வையுங்கள். 90 நாள் செல்லும். உங்களுக்குத் தெரிவிக்காமல் உத்தரவு போகாமலிருக்க அது உதவும். நகர சிவில் நீதிமன்றத்துக்கு மேயோ ஹாலிலும் கிளை இருப்பதால் எங்கே போடுவது என்று வக்கீலிடம் கேளுங்கள். 2024 மார்ச்சில் ப்ளூம்பெர்க் வழக்கில், செய்திக்கு எதிராக விசாரணைக்கு முன்பே தடை தருவதில் மிகுந்த எச்சரிக்கை வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பின் நகலும் கோப்பில் இருக்கட்டும்.

ஒவ்வொரு செய்திக்கும் ஒரு உறை: ஆவண நகல், ஒலி, ஒளிப் பதிவின் மூலக் கோப்பு, சம்பந்தப்பட்டவரிடம் விளக்கம் கேட்ட மின்னஞ்சல், அவர் பதில் அல்லது பதில் இல்லாத தேதி. கைபேசியை மாற்றினாலும் மூலக் கோப்பை அழிக்காதீர்கள். மின்னணுச் சாட்சியத்துக்கு நீதிமன்றத்தில் சான்றிதழ் தர வேண்டிவரும்.

11. வாசகர் பணமும் உரிமையாளர் பக்கமும்

பொது யு.பி.ஐ. கியூ.ஆர். ஒட்டி உதவி கேட்பதைவிட மாதச் சந்தா நல்லது. ₹15,000 வரையான தொடர் கட்டணங்கள் ஒருமுறை அனுமதி தந்தால் தானாகப் பிடிக்கப்படும். மாதம் ₹100 தரும் முந்நூறு பேர் கிடைத்தால் ஒருவருக்குச் சம்பளம் போடலாம். அந்த முந்நூறு பேரில் எவரும் உங்களிடம் ‘இதைப் போடாதே’ என்று சொல்ல முடியாது. மானியம் வேண்டுமென்றால் பெங்களூரிலேயே சுயேச்சை ஊடகங்களுக்கு நிதியளிக்கும் ஐ.பி.எஸ்.எம்.எஃப். இருக்கிறது. ஆனால் வெளியிட்ட செய்திகள் கையில் இல்லாமல் போகாதீர்கள்.

தளத்தில் ‘யார் நடத்துகிறார்கள்’ என்று ஒரு பக்கம் வையுங்கள். பங்குதாரர்கள் பெயர், வேறு தொழில், கட்சித் தொடர்பு, ₹10,000-க்கு மேல் தந்தவர்கள், விளம்பரதாரர்கள், வருட வரவு செலவு. பெரிய பத்திரிகைகளில் வாசகர் தேடினாலும் கிடைக்காத தகவல் இது.

12. எப்போது தொடங்குவது

கம்பெனியாகப் பதிவு செய்வதென்றால் ஜனவரி முதல் மார்ச்சுக்குள் செய்யுங்கள். ஜனவரி 1-க்குப் பின் பதிவான கம்பெனியின் முதல் நிதியாண்டு அடுத்த வருடம் மார்ச் 31 வரை நீளும். கம்பெனிச் சட்டப்படியான ஒரு வருடத் தாக்கல் செலவு மிச்சம். வருமான வரிக் கணக்கு மட்டும் வழக்கம்போல் தர வேண்டும். செப்டம்பர், அக்டோபரில் ஆடிட்டர்கள் தொலைபேசி எடுக்க மாட்டார்கள், அப்போது புது வேலையோடு போகாதீர்கள். ஓனரிடம் பில் வாங்குவதிலிருந்து அமைச்சகத்துக்கு மின்னஞ்சல் போவது வரை மூன்று மாதம் ஒதுக்குங்கள். அந்த மூன்று மாதத்திலேயே பத்து ஆர்.டி.ஐ. மனுக்களைப் போட்டுவிடுங்கள். தளம் திறக்கும் நாளில் பதில்கள் சில கையில் இருக்கும்.